எர்த் போன லாரி: பிரேக் லைட், இண்டிகேட்டரோடு நான் பட்ட பாடு

2019 ஐப்பசி மாதம், ராத்திரி எட்டரை மணி இருக்கும். மரக்காணத்தில் அம்பாரத்து உப்பை ஏற்றிக்கொண்டு கடலூர் முதுநகருக்கு வந்துகொண்டிருந்தேன். முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடியை நெருங்கும்போது சாலையோரம் படுத்திருந்த மாடு ஒன்று எழுந்து குறுக்கே நடக்க ஆரம்பித்தது. என் வேகம் நாற்பதுதான். பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன். மாடு தன்பாட்டுக்குக் கடந்து போனது. மறுபடி கியர் மாற்றப் போகும் நேரம், பின்னால் தகரம் தாரில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். பைக் ஒன்று சாய்ந்து கிடந்தது. அப்பாவும் மகளும். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும், டியூஷன் பை முதுகில். என் லாரியின் பின்கட்டையில் மோதாமல் இருக்க அவர் ஒடித்துத் திருப்பியதில் வண்டி சறுக்கியிருக்கிறது. அவருக்கு முழங்கையில் தோல் வழன்றிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டு போய் என் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கிடந்தது. குனிந்து கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "அண்ணே, நீங்க பிரேக் போட்டதே தெரியலண்ணே. லைட்டே வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். முன்னால் போகிற லாரி நிற்கிறது என்பதைச் சிவப்பு வெளிச்சம் பார்த்து அறிவதற்கும், லாரியின் பின்கட்டை பெரிதாகி வருவதைக் கண்டு அறிவதற்கும் ஒரு நொடி, ஒன்றரை நொடி வித்தியாசம் உண்டு. அந்தப் பதினைந்து மீட்டர் அவருக்குக் கிடைக்காமல் போனது என்னால். காலையில்தான் மரக்காணத்தில் க்ளீனர் தம்பியைப் பின்னால் நிறுத்திப் பிரேக் லைட் பார்த்தேன். "வருதுண்ணே" என்று சொன்னான். வந்ததும் உண்மை, ராத்திரி வராததும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழைய லாரி வைத்திருக்கிற மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி 2006 மாடல், ஆறு சக்கரம், மரப் பாடி, ஏர் பிரேக். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் அச்சு முழுகத் தண்ணீரில் நின்ற வண்டி. அதோடு உப்பு லோடு. ஈர உப்பை ஏற்றினால் பலகை இடுக்கு வழியாக உப்புத்தண்ணீர் கசிந்து பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டே வரும். அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் டெயில் லேம்ப். மீன் லோடு, ஐஸ் லோடு அடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். லோடு எதுவும் ஏற்றாமல் துறைமுகத்துப் பக்கம் சும்மா நிறுத்தி வைத்தாலே கடல் காற்று செம்பைத் தின்றுவிடும்.

அந்த ராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் அதன் பாஷை தெரியவில்லை. வலது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். பிரேக்கை மிதித்தால் முன்னால் வலது இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஹெட்லைட் போடாத பகல் நேரத்தில் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டில் மீட்டர் விளக்கு சிணுங்கும். இடது இண்டிகேட்டர் சில நாள் ஒழுங்காகவும் சில நாள் படபடவென்றும் அடிக்கும். பேய் பிடித்த மாதிரி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எரிந்தது.

நான் செய்தது என்ன? பல்பு மாற்றினேன். பியூஸ் மாற்றினேன். ஒரு வழியோரக் கடையில் இண்டிகேட்டரை மின்ன வைக்கிற பிளாஷர் போய்விட்டது என்றார்கள், அதையும் மாற்றினேன். இன்னொரு கடையில் பழைய ஒயரிங்கை நம்பாதே என்று சொல்லி முன்னாலிருந்து பின்னால் வரை பிரேக்குக்குத் தனி ஒயர் இழுத்துக் கட்டினார்கள். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய். புது ஒயர் போட்ட அன்று நன்றாக எரிந்தது, நான்காம் நாள் பழையபடி.

ரெட்டிச்சாவடி சம்பவத்துக்கு மறுநாள் முதுநகரில் பாயிடம் போனேன். என் அப்பா காலத்திலிருந்து லாரி ஒயரிங் பார்க்கிறவர். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, இவ்ளோ பேர் பார்த்திருக்காங்களே, கரண்டு போற வழியத்தான் எல்லாரும் பார்த்திருக்காங்க. திரும்பி வர்ற வழிய யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்வியில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

பேட்டரியிலிருந்து கரண்ட் பியூஸ், சுவிட்ச், ஒயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. பல்பில் வேலை முடிந்ததும் அது பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தத் திரும்பும் வழி சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்ட இரும்பு. அதைத்தான் எர்த் என்கிறோம். டெயில் லேம்புக்குள் பிரேக், டெயில், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர். அது அறுந்தோ துருப்பிடித்தோ போனால் கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். பிரேக்குக்கு வந்த கரண்ட் பக்கத்தில் இருக்கிற இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாக ஏறி, அந்த ஒயரிலேயே முன்னால் போய், முன் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து அங்கே இருக்கிற நல்ல எர்த்தில் இறங்கும். இரண்டு மாதமாக நான் பேய் என்று நினைத்தது இதைத்தான். ஒன்றைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறது, அல்லது ஒன்று எரியும்போது இன்னொன்று மங்குகிறது என்றால் பல்பையோ பிளாஷரையோ தொடாதீர்கள். நேரே எர்த்துக்குப் போங்கள்.

பாய் சோதித்த விதம் எளிது. இரண்டு முனையிலும் கிளிப் வைத்த நீள ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனை பேட்டரி நெகடிவில், மறுமுனை டெயில் லேம்பின் உலோக உடம்பில். "இப்ப பிரேக்க மிதி." மிதித்தேன். கண் கூசுகிற சிவப்பு. கிளிப்பை எடுத்தார், மங்கியது. வைத்தார், பிரகாசம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. மல்டிமீட்டர் இருப்பவர்கள் இதையே எண்ணாகப் பார்க்கலாம். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை டெயில் லேம்ப் உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகடிவிலும் வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் காட்டும். என் வண்டியில் 11 வோல்ட் காட்டியது. இருக்கிற 24 வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதி எர்த்திலேயே தொலைந்துகொண்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. மீட்டரில் பீப் சத்தம் வருகிற சோதனையை இதற்கு நம்பாதீர்கள். பத்து இழை ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் ஒரு பிரேக் பல்பு 21 வாட், இரண்டு பக்கமும் சேர்ந்தால் 42 வாட். 24 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர். அந்தச் சுமையை உப்பு தின்ற ஓர் இழையால் ஒழுங்காகத் தாங்க முடியாது. எல்.இ.டி. வைத்த சின்ன டெஸ்டரும் இதே தவறைத்தான் செய்யும். அதற்குத் துளி கரண்ட் போதும், எரிந்துவிடும். நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். அதனால்தான் பாய் இன்றும் ஹோல்டரில் 21 வாட் பல்பு மாட்டிய பழைய டெஸ்ட் லேம்பை விடாமல் வைத்திருக்கிறார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒயர் சுமை தாங்குகிறது என்று அர்த்தம்.

அப்புறம் எர்த் போல்ட்டைத் தேடினோம். வலது டெயில் லேம்புக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தில் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் தெரிந்தது, பளபளவென்று கறுப்பாக. பழைய வண்டிக்கு ஒவ்வொரு ஆண்டும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். போகும் முன் சேஸிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். நட்டு, போல்ட்டு, ஒயர் முனையில் இருக்கிற லக் என்ற உலோக வளையம் எல்லாவற்றின் மேலும் அடித்துவிடுவார்கள். பாய் ஸ்பேனர் போட்டு நட்டைத் திருப்பினார். அது நகரவே இல்லை, பெயிண்ட் ஓடு மட்டும் விரிசல் விட்டுப் பெயர்ந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்துத் திருப்பியபோது நட்டோடு லக்கும் உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வட்டமாக இருந்த லக் பாதி நிலாவாக இருந்தது. ஒயர் முனையில் செம்பு நிறமே இல்லை, கோவில் விளக்கில் படிந்த மாதிரி பச்சைக் களிம்பு. விரலால் நசுக்கினார், பொடியாக உதிர்ந்தது. லக்குக்கும் இரும்புக்கும் நடுவே நாலைந்து வருடப் பெயிண்ட் ஏடு ஏடாக இருந்தது. ஒயரை வெட்டினால் அரை அடி உள்ளே வரை கறுத்துப் போயிருந்தது. ரப்பர் உறைக்குள் உப்புத்தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறியிருக்கிறது.

சரிசெய்த முறையைச் சொல்கிறேன். கறுத்த ஒயரைத் திரும்ப முறுக்கி டேப் சுற்றுவதில் பயனில்லை. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ள வேண்டும். சேஸிஸில் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி இரும்பு தெரியும் வரை தேய்த்தோம். புது லக்கை அழுத்திப் பிடித்து அதன்மேல் ஈயமும் வைத்தார். பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்கினார், அதன் பற்கள் இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூசினார். முதலில் உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும், அதன்பிறகுதான் கிரீஸ் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு இரண்டு டெயில் லேம்பையும் இணைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் ஒன்றைப் பேட்டரி நெகடிவ் வரை தனியாக இழுத்தார். மரப் பாடி வண்டிக்கு இது மிகவும் அவசியம். மரம் கரண்ட் கடத்தாது, லேம்பை எங்கே மாட்டினாலும் எர்த்துக்கு ஒயரை மட்டும்தான் நம்பியிருக்கிறது.

லேம்பைக் கழற்றியதில் இன்னொன்றும் தெரிந்தது. டெயில் லேம்ப் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். என் இடது லேம்பில் முன்பு யாரோ கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். ஓட்டை மேலே இருந்தது. மழை உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் ஹோல்டர் ஊறிக்கொண்டிருந்தது. இடது இண்டிகேட்டர் சில நாள் படபடத்ததற்கு அதுதான் காரணம். ஹோல்டர் அடியில் பல்பை மேலே தள்ளுகிற ஸ்பிரிங் துருவில் இறுகிவிட்டது. வண்டி குலுங்கினால் தொடும், குலுங்காவிட்டால் தொடாது. ஹோல்டரைச் சுரண்டிப் பார்த்தோம், பலனில்லை. புதிது அப்போது நாற்பது ரூபாய்தான். துருப்பிடித்த ஹோல்டரோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுவது நல்லது.

பல்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பிரேக்கும் டெயிலும் ஒரே பல்பாக இருந்தால் அது 21/5 வாட், உள்ளே இரண்டு இழை. பல்பை ஹோல்டரில் பூட்டுகிற பக்கத்துக் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. தலைமாற்றிப் போட முடியாமல் இருக்கத்தான் அப்படி. பழைய ஹோல்டர் தளர்ந்திருந்தால் பலம் கொடுத்துத் திருகித் தப்பாகவும் மாட்டிவிடலாம். அப்போது டெயில் லைட் பிரேக் மாதிரி பளிச்சென்று எரியும், பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியாது. அதைவிட மோசம், இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றை இழை பல்பைத் திணிப்பது. அடியில் இருக்கிற ஒற்றைக் குமிழ் இரண்டு முனையையும் சேர்த்துவிடும், பிரேக் மிதித்தால் டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்கு எல்லாம் எரியும். இது எர்த் கோளாறு மாதிரியே தோன்றும். அதனால் எர்த்தைத் தேடும் முன் பல்பைக் கழற்றி அடியைப் பாருங்கள். 24 வோல்ட் வண்டிக்கு வழியில் அவசரமாகப் பல்பு வாங்கும்போது வோல்ட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் பல்பு போட்ட கணமே போய்விடும், ஒயரில் கோளாறு என்று நினைத்து அலைவீர்கள்.

எர்த் சரியானதும் பேயெல்லாம் ஓடிவிட்டது. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஒருநாள் பண்ருட்டியிலிருந்து வரும்போது என் பின்னால் மச்சான் அவன் வண்டியில் வந்தான். கெடிலம் பாலத்துக்கு முன்னால் நிறுத்தியபோது இறங்கி வந்து, "மாமா, லைட்டு பளிச்சுன்னு இருக்கு. ஆனா லேட்டா வருது. வண்டி ஸ்லோ ஆகி முடிஞ்ச பெறகு வருது" என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்படியானால் ரெட்டிச்சாவடியில் நடந்ததற்கு எர்த் மட்டும் காரணம் இல்லை.

ஏர் பிரேக் லாரியில் பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இருக்காது. பிரேக் வால்விலிருந்து போகிற காற்றுப் பாதையில் திருகியிருக்கும். பெடலை மிதித்ததும் காற்று அழுத்தம் வந்து உள்ளே இருக்கிற சவ்வைத் தள்ளும், சவ்வு இரண்டு முனைகளையும் சேர்க்கும், லைட் எரியும். லேசாக மிதித்தாலே சேர வேண்டும். என் சுவிட்ச்சில் காற்றோடு வருகிற எண்ணெயும் ஈரமும் உள்ளே போய், முனைகள் கரிந்து, அழுத்தம் நன்றாக ஏறினால்தான் சேர்ந்தது. லேசாக மிதித்தால் வராது, ஓங்கி மிதித்தால் வரும்.

இப்போது அந்தக் காலைச் சோதனையை நினைத்துப் பாருங்கள். நிற்கிற வண்டியில் "லைட் வருதா பாரு" என்று சொல்லும்போது எல்லோரும் பெடலை அடிவரை ஓங்கித்தான் மிதிக்கிறோம். சாலையில் அப்படி மிதிப்பது எப்போதாவது ஒரு முறை. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை லேசாகத்தான் தொடுகிறோம், அன்றைக்கு மாட்டுக்குத் தொட்ட மாதிரி. என் சோதனை தேர்வு வைத்தது ஓங்கிய மிதிக்கு, சாலையில் தேவைப்பட்டது மெல்லிய மிதி. அன்றிலிருந்து நான் பெடலை மிக மெதுவாக இறக்கிக்கொண்டே போவேன், லைட் வந்த கணம் தம்பி குரல் கொடுக்க வேண்டும். பெடல் கால்வாசி இறங்குவதற்குள் குரல் வரவில்லை என்றால் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் கெட்டதா என்று உறுதிசெய்ய அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தால் போதும். லைட் எரிந்தால் பியூஸ், ஒயர், பல்பு, எர்த் எல்லாம் நலம், குற்றவாளி சுவிட்ச். எரியவில்லை என்றால் சுவிட்ச் மேல் பழி போடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. காலையில் டேங்கில் காற்று இல்லாதபோது பிரேக் லைட் வராது. இதை அறியாமல் நல்ல சுவிட்சைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு அழுத்தம் முழுதாக ஏறிய பிறகே சோதிக்க வேண்டும். மாற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்க் காற்றை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். மாற்றிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, பிரேக்கை மிதித்துப் பிடித்து, குமிழி வருகிறதா என்று பாருங்கள். டேங்க் காற்றைத் தினமும் இறக்கித் தண்ணீர் வடித்தால் புது சுவிட்ச் நீண்ட நாள் உழைக்கும். ஏர் பிரேக் இல்லாத பல சின்ன வண்டிகளில் சுவிட்ச் பெடலுக்கு மேலேயே இருக்கும். அதில் பூட்டு நட்டு தளர்ந்து சுவிட்ச் நகர்ந்துபோனால் இதே தாமதம் வரும். நட்டை இறுக்கி இடத்தைச் சரிசெய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

பிளாஷர் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகம் மாற்றப்படுகிற பொருள் அதுதான். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. எலக்ட்ரானிக் பிளாஷர் உள்ள வண்டியில் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று அது உங்களுக்குச் சொல்கிறது. சூடாகி விரிகிற பழைய உலோகத் தகடு வகையாக இருந்தால் இதற்கு நேர் எதிர்; மெதுவாகும், அல்லது மின்னாமல் அப்படியே நின்றுவிடும். இரண்டு பக்கமும் மின்னாவிட்டால்தான் பிளாஷரைச் சந்தேகப்பட வேண்டும். அதன் அடியில் 49, 49ஏ, 31 என்று எண்கள் பொறித்திருக்கும். 49 கரண்ட் வரும் முனை, 49ஏ விளக்குக்குப் போகிற முனை, 31 எர்த். பிளாஷரைப் பிடுங்கிவிட்டு 49-ஐயும் 49ஏ-வையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து இண்டிகேட்டர் போடுங்கள். விளக்குகள் மின்னாமல் நின்று எரிந்தால் பிளாஷர் போயிருக்கலாம், ஆனால் வாங்கும் முன் 31-க்கு எர்த் வருகிறதா என்று பாருங்கள். நான் மாற்றிய பிளாஷர் நல்ல பிளாஷர்தான், இன்றும் டூல் பெட்டியில் ஸ்பேராகக் கிடக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் எல்.இ.டி. பல்பு போட்டாலும் அந்தப் பக்கம் படபடக்கும். எல்.இ.டி. இழுக்கிற கரண்ட் அவ்வளவு குறைவு, பல்பே இல்லை என்று பிளாஷர் நினைத்துவிடும். போடுவதானால் முன்னும் பின்னும் நான்கையும் மாற்றி, எல்.இ.டி.க்குரிய பிளாஷரும் போடுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் எங்கோ ஒயர் உரசி இரும்பில் தொடுகிறது. பெரும்பாலும் சேஸிஸ் ஓட்டைகளில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன இடம், பின் கதவுச் சங்கிலி உரசுகிற இடம், பின் அச்சுக்கு மேலே ஒயர் தொங்குகிற இடம். அதைத் தேடாமல் பெரிய பியூஸ் போடுவதும், செம்பு இழையைச் சுற்றி வைப்பதும் தயவுசெய்து வேண்டாம். பியூஸ் காப்பாற்றுவது பல்பை இல்லை, ஒயரை. பியூஸ் எரியாவிட்டால் அடுத்து எரிவது கேபினுக்குள் உங்கள் காலடியில் இருக்கிற ஒயர்க்கட்டு.

உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக ஓட்டுகிறவர்கள் இரவில் ஒரு வெள்ளைச் சுவரையோ கடை ஷட்டரையோ பார்த்து வண்டியின் பின்பக்கத்தை நிறுத்துங்கள். பெடலை மெதுவாக இறக்கிக்கொண்டே இரண்டு கண்ணாடியிலும் பாருங்கள். சுவரில் சிவப்பு விழுவது தெரியும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அதுவும் தெரியும். ஆல்பேட்டைப் பக்கம் நான் வழக்கமாக டீசல் போடும் பங்கின் பின்சுவர் எனக்கு அதற்காகவே இருக்கிற மாதிரி.

இப்போது ஒவ்வொரு உப்பு லோடு இறக்கியதும் தம்பி இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிப் பின்சட்டத்தையும் லேம்ப் அடியையும் கழுவிவிடுகிறான். எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கும் முன் எர்த் போல்ட்டுகள் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட விடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, மாட்டுகிறோம். பாய் போட்ட எர்த் ஒயர் இன்று வரை களிம்பு ஏறாமல் இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அடைமழை நாளில் வலது இண்டிகேட்டர் போட்டால் முதல் தடவை எடுக்காது, கம்பியை இரண்டாம் தடவை தட்டினால்தான் எடுக்கும். ஹசார்டு போட்டால் நான்கும் ஒழுங்காக மின்னுகின்றன. அப்படியென்றால் பல்பு, எர்த், பின்பக்க ஒயர் எதிலும் குறையில்லை, கோளாறு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சுவிட்சுக்குள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றி முனைகளைச் சுத்தம் செய்து பார்க்கலாம், சரிவராவிட்டால் சுவிட்சையே மாற்றிவிடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். அதுவரை மழையில் வலப்பக்கம் திரும்பும் முன் கையையும் வெளியே நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திருப்புகிறேன்.